பாகவதரை முடித்தது ஜெயிலா?

இந்த எபிசோடை என் பாட்டியின் சமையலறையில் ஆரம்பிக்கிறேன்.

ஸ்ரீரங்கம், வடக்குச் சித்திரை வீதி. பாட்டி காலையில் டிகாக்‌ஷன் இறங்குகிறவரை பாடிக்கொண்டே இருப்பார். பாட்டு வாத்தியாரிடம் கற்றுக்கொண்டவர் இல்லை. பாடுவது எல்லாம் சினிமாப் பாட்டு, அதுவும் முக்கால்வாசி ஒரே ஆளுடையது. எம்.கே. தியாகராஜ பாகவதர். "நேர்ல பாத்திருக்கியா பாட்டி?" என்று கேட்டால் சிரிப்பார். "ஆத்துல எங்க விட்டா! பக்கத்தாத்துல பிளேட்டு வெப்பா. நாங்க திண்ணைல உக்காந்துண்டு கேப்போம்." சரி, அப்புறம் அவருக்கு என்ன ஆச்சு? அதற்குப் பாட்டியிடம் எப்போதும் ஒரே பதில். "ஜெயிலுக்குப் போனாரோன்னோ, அதோட எல்லாம் போச்சு."

பாட்டி மட்டும் இல்லை, தமிழ்நாடே இந்தக் கதையை இப்படித்தான் சொல்கிறது. உச்சத்தில் இருந்தார், கொலை வழக்கு, ஜெயில், வீழ்ச்சி, முடிந்தது. நானும் ரொம்ப நாள் அதை அப்படியே நம்பினேன். இந்த எபிசோடுக்காகத் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தபோதுதான் ஒரு இடம் இடித்தது. அதைச் சொல்ல முதலில் ஒரு பத்து வயசுப் பையனிடம் போகணும்.

பாகவதர் பிறந்தது 1910-ல், மாயவரத்தில். இன்றைய மயிலாடுதுறை. பொற்கொல்லர் குடும்பம். பிழைப்புக்காகத் திருச்சிக்கு வந்துவிட்டார்கள். பையனுக்குப் பள்ளிக்கூடம் ஒட்டவில்லை, பாட்டு ஒட்டிக்கொண்டது. கோபித்துக்கொண்டு வீட்டைவிட்டு ஓடிப்போய்விட்டான், கடைசியில் அப்பா அவனைக் கடப்பாவில் ஒரு கூட்டத்துக்கு நடுவில் பாடிக்கொண்டிருந்த நிலையில் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை உண்டு. பிரபலமானவர்களின் சின்ன வயசுக் கதைகள் எல்லாம் கொஞ்சம் மெருகேறித்தான் நம்மிடம் வரும், அதையும் மனசில் வைத்துக்கொள்ளுங்க.

அந்தக் காலத்துத் திருச்சி எப்படிப்பட்ட ஊர் என்பது இங்கே முக்கியம். தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகம் இங்கேதான். மதுரை, தஞ்சாவூர், புதுக்கோட்டை, எந்தப் பக்கத்துக் கலைஞராக இருந்தாலும் ரயில் மாற இங்கே இறங்கியாகணும். ரயில்வேயில் பெரிய வேலையில் இருந்த எஃப்.ஜி. நடேச ஐயர் என்பவருக்கு நாடகப் பைத்தியம். ரசிக ரஞ்சன சபாவைத் தொடங்கியவர் அவர். பின்னால் 1938-ல் 'சேவாசதனம்' படத்தில் எம்.எஸ். சுப்புலட்சுமியோடு நடித்தாரே, அதே நடேச ஐயர். தன் சபாவின் 'ஹரிச்சந்திரா' நாடகத்தில் லோகிதாசன் வேஷத்துக்கு இந்தப் பையனைப் பிடித்துப் போட்டார். லோகிதாசன் என்றால் தெரியும் இல்லையா, பாம்பு கடித்துச் செத்துப்போகிற பிள்ளை. நன்றாகப் பாடத் தெரிந்த ஒரு சின்னப் பையன் அந்த வேஷத்தில் வந்தால் கொட்டகை மொத்தமும் அழும். அழுதது. பையன் ஒரே வேஷத்தில் ஊருக்குத் தெரிந்த முகமானான்.

இப்போதுதான் கதையின் முதல் ஆபத்து வருகிறது. நாடகக்காரர்கள் அதற்கு ஒரு சொல் வைத்திருந்தார்கள்: மகரக்கட்டு. பையன்களுக்குப் பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடைகிறதே, அதுதான். பாய்ஸ் கம்பெனிகள் முழுக்கச் சின்னப் பையன்களை வைத்து நடந்தவை. ராணி, தோழி, ராஜகுமாரன் எல்லாமே பையன்கள். மகரக்கட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பையனுக்குக் கம்பெனியில் மதிப்பு இல்லை. புதுக்கோட்டை பி.யூ. சின்னப்பா மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நட்சத்திரமாக இருந்தவர். குரல் உடைந்ததும் கம்பெனியை விட்டு ஊருக்குத் திரும்பி, சங்கீதமும் சிலம்பமும் கற்றுக்கொண்டு பிறகுதான் மறுபடி எழுந்தார். நம் காலத்தில் ஜஸ்டின் பீபருக்கும் இதே விஷயம் நடந்தது. ஹிட்டான பாட்டின் மேல் ஸ்வரங்கள் எட்டாமல் போய், ஸ்ருதியைக் குறைத்துப் பாட வேண்டி வந்தது. அவருக்கு மைக், ஸ்டுடியோ, பயிற்சியாளர் எல்லாம் இருந்தார்கள். 1920-களின் நாடகக் கொட்டகையில் மைக்கே கிடையாது. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கிறவர் காதில் விழணும் என்றால் தொண்டைதான் ஸ்பீக்கர்.

தியாகராஜன் இதைத் தாண்டியது சங்கீதப் படிப்பால். லோகிதாசனாகக் கிடைத்த கைதட்டலை மட்டும் வைத்துக்கொண்டு அலையவிடாமல், பையனை முறையாகப் பாட்டுக் கற்க உட்கார வைத்தார்கள். வயலின் வித்வான் மதுரை பொன்னு ஐயங்காரிடம் பாடம். ஆலத்தூர் வேங்கடேச ஐயரிடமும் கற்றார். பின்னால் புகழ்பெற்ற ஆலத்தூர் சகோதரர்களில் ஒருவரான சுப்பையரின் அப்பா அவர். நடிப்புக்கு நடராஜ வாத்தியார். சில வருஷம் கழித்துக் கச்சேரி அரங்கேற்றம் நடந்தபோது, பக்கவாத்தியம் வாசித்த புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளைதான் "இவர் பாகவதர்" என்று சொல்லிப் பட்டம் கொடுத்தார் என்பார்கள். அந்த வயதுப் பையனுக்கு அது லேசான பட்டம் இல்லை. பாகவதர் என்றால் கதையையும் பக்தியையும் பாட்டில் சுமக்கிற பெரியவர். பையன் அந்தப் பெயரைச் சட்டை மாதிரி போட்டுக்கொண்டான். கடைசிவரை கழற்றவில்லை.

அதன்பிறகு ஸ்பெஷல் நாடகம். இது என்ன ஏற்பாடு என்றால், கம்பெனி கிடையாது. ஒரு ஊரில் காண்டிராக்டர் ஒருவர் கதாநாயகனை ஒரு ஊரிலிருந்தும் கதாநாயகியை இன்னொரு ஊரிலிருந்தும் ஒரு ராத்திரிக்கு அழைப்பார். ஒத்திகை கிடையாது. சங்கரதாஸ் சுவாமிகளின் பாட்டும் வசனமும் எல்லோருக்கும் மனப்பாடம். மேடையில் ஏறியதும் ஒருவரை ஒருவர் மிஞ்சிப் பாடுவதுதான் நாடகம். ராப் பாட்டிலில் விடியும். 'பவளக்கொடி'யில் பாகவதர் அர்ஜுனன், எஸ்.டி. சுப்புலட்சுமி பவளக்கொடி. இந்த ஜோடிக்குத் தனிக் கூட்டம் சேர்ந்தது. அவருக்கு அப்போது மீசை அரும்பும் வயசு.

அந்த மேடையின் ராஜா எஸ்.ஜி. கிட்டப்பா. 1933 டிசம்பரில் இருபத்தேழு வயதில் இறந்துபோனார். அடுத்த வருஷமே கே. சுப்ரமணியம் இயக்கத்தில் 'பவளக்கொடி' படமாக வந்தது. அதே ஜோடி. சுமார் ஐம்பது பாட்டு. ஒரு படத்துக்கு! சென்னை அடையாறில் சூரிய வெளிச்சத்தில் எடுத்தார்கள். பாட்டைத் தனியாக எடுத்துச் சேர்க்கிற வசதி அப்போது இல்லை. நடிக்கும்போதே பாடணும், அந்த நேரத்திலேயே ஒலியும் பதிவாகும். சாப்பாட்டு வேளையில் சுற்றிக் கூடுகிற காக்காய்ச் சத்தமும் பதிவாகித் தொலைக்கும் என்று, அதை விரட்ட ஒரு ஆளைச் சம்பளம் போட்டு வைத்திருந்தார்கள் என்றும் சொல்வார்கள். எனக்குப் பிடித்த கதை அது.

இந்தத் தொழில்நுட்பக் குறை பாகவதருக்கு வரம். பாடத் தெரிந்தவன்தான் கதாநாயகன் ஆக முடியும். வசனமும் அசைவும் சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் நடிப்பு சுமார்தான், ரசிகர்கள் கோபிக்கலாம், ஆனால் படத்தைப் பார்த்தால் தெரியும். பாட்டு ஆரம்பிக்கிற நொடியில் முகம் மாறும். அதுவரை காத்திருந்தால் போதும்.

1937-ல் 'சிந்தாமணி'. ஒரே தியேட்டரில் ஒரு வருஷம் ஓடிய முதல் தமிழ்ப் படம். அந்த லாபத்தில் மதுரையில் ஒரு தியேட்டரே கட்டி, அதற்குச் 'சிந்தாமணி' என்று பெயர் வைத்தார்கள். அதே வருஷம் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கிய 'அம்பிகாபதி'. பையன்கள் தோள்வரை முடி வளர்த்து 'பாகவதர் கிராப்' வைத்துக்கொண்டு அலைந்தார்கள். 1939-ல் திருச்சியில் வானொலி நிலையம் வந்தது, பிளேட்டுகள் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு சுழன்றன. சினிமாவுக்குப் போக அனுமதி இல்லாத ஸ்ரீரங்கத்துப் பெண்பிள்ளைகளுக்கு முகம் தெரியாது, குரல் மட்டும் தெரியும். என் பாட்டி அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

இந்தப் பாட்டுகளுக்குப் பின்னால் இருந்தவர்களில் இரண்டு பேரைச் சொல்லணும். பாபநாசம் சிவன் கர்நாடக ராகத்தில் எளிய தமிழை வைத்து எழுதினார், மெட்டும் போட்டார். வாத்திய இசையைக் கட்டியவர் ஜி. ராமநாதன். ராமநாதன் பிறந்தது பிச்சாண்டார்கோவில். ஸ்ரீரங்கத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் அந்த ஊர்தான். 'சிவகவி' 1943, 'ஹரிதாஸ்' 1944, இரண்டிலும் இந்தக் கூட்டணி. ராமநாதன் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க, திரும்ப வருவார்.

'ஹரிதாஸ்' 1944 தீபாவளிக்கு வந்தது. சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளி பார்த்தது. ஆனால் அந்த ஓட்டத்தின் பெரும்பகுதியில் அதன் கதாநாயகன் சிறையில் இருந்தார். 1944 நவம்பர் 8 அன்று, சினிமாக்காரர்களைப் பற்றி மஞ்சள் பத்திரிகை நடத்திய லட்சுமிகாந்தன் சென்னை வேப்பேரியில் கத்தியால் குத்தப்பட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் இறந்தார். டிசம்பரில் பாகவதரும் என்.எஸ். கிருஷ்ணனும் கைதானார்கள். 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. மேல்முறையீடு தள்ளுபடி. விஷயம் லண்டன் பிரிவி கவுன்சில்வரை போய், மறுவிசாரணைக்குத் திரும்பி வந்து, 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என்று விடுதலையானார்கள். இந்த வழக்கைப் பற்றியே நாலு எபிசோடு போடலாம். இன்றைக்கு நமக்கு வேண்டியது அந்த "இருவரும்" என்கிற சொல் மட்டும்தான்.

ஏனென்றால் எனக்கு இடித்த இடம் அதுதான். ஒரே வழக்கு, ஒரே தண்டனை, ஒரே விடுதலை. வெளியே வந்த என்.எஸ்.கே. 1949-ல் 'நல்லதம்பி' கொடுத்தார். 1951-ல் 'மணமகள்' படத்தை இயக்கினார், 1952-ல் 'பணம்' படத்தை இயக்கினார். ஜனங்கள் அவரைக் கொண்டாடினார்கள். ஜெயிலுக்குப் போனவன் என்று யாரும் தியேட்டர் வாசலில் திரும்பிப் போகவில்லை. பாகவதர் 1948-ல் சொந்தத் தயாரிப்பாக 'ராஜமுக்தி' எடுத்தார். சி.ஆர். சுப்பராமன் இசை, பானுமதி, வி.என். ஜானகி, பின்னணியில் எம்.எல். வசந்தகுமாரி. படம் ஓடவில்லை. அப்போது அவருக்கு முப்பத்தெட்டு வயசுதான்.

ஜெயிலே காரணம் என்றால் ரெண்டு பேரும் விழுந்திருக்கணும் இல்லையா?

இன்னொரு பக்கமும் பாருங்க. டி.ஆர். மகாலிங்கம், சோழவந்தான் பக்கத்துக்காரர், 1938-ல் 'நந்தகுமார்' படத்தில் பாலகிருஷ்ணனாக வந்த டீன் ஸ்டார், 1945-ல் 'ஸ்ரீவள்ளி' மூலம் பெரிய கதாநாயகன். அவர் எந்த வழக்கிலும் சிக்கவில்லை. ஆனாலும் ஐம்பதுகளின் முதல் பாதியில் அவருக்கும் சரிவு. 1958-ல் கண்ணதாசனின் 'மாலையிட்ட மங்கை' வந்துதான் கையைப் பிடித்துத் தூக்கியது. பி.யூ. சின்னப்பா 1951-லேயே காலமாகிவிட்டார். ஆக, பாடிக்கொண்டே நடிக்கிற கதாநாயகன் என்கிற ஜாதியே மெல்ல மறைந்துகொண்டிருந்தது.

எதனால்? போர்க்காலத்தில் பிலிம் தட்டுப்பாடு. ஒரு படம் 11,000 அடிக்கு மேல் போகக்கூடாது என்று அரசு உத்தரவு. ஐம்பது பாட்டுக்கு இடமே இல்லை. பின்னணிப் பாட்டு வந்துவிட்டது, அதனால் பாடத் தெரியாத அழகனும் பாடலாம். அதைவிடப் பெரிய மாற்றம் வசனம். 1949-ல் அண்ணாவின் 'வேலைக்காரி'. 1952 தீபாவளிக்குக் கலைஞர் வசனத்தில் 'பராசக்தி'. அதில் அறிமுகமான சிவாஜி கணேசனும் திருச்சியில் வளர்ந்தவர்தான், ஊரின் விளையாட்டைப் பாருங்க. பாகவதரின் 'அமரகவி', 'சியாமளா' இரண்டும் வந்தது அதே 1952-ல். ஒரு பக்கம் கோர்ட் கூண்டில் நின்று சமுதாயத்தைக் கேள்வி கேட்கிற இளைஞன், இன்னொரு பக்கம் பட்டுச் சால்வையோடு பாடுகிற கவி. பேச்சால் சிரிக்க வைத்த என்.எஸ்.கே.வுக்கு இந்தப் புது சினிமாவில் இடம் இருந்தது. பாட்டால் மட்டுமே நின்ற பாகவதருக்கு இல்லை.

ஜெயில் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல வரவில்லை. கைதாகும்போது ஒப்பந்தமாகியிருந்த படங்கள் போயின, பணம் போயிற்று, உடம்பு போயிற்று. எல்லாவற்றையும்விட, சினிமா திசை திரும்பிய அந்த இரண்டரை வருஷம் அவர் அங்கே இல்லை. இருந்திருந்தால் மாறியிருப்பாரா? எனக்குச் சந்தேகம்தான். ஏன் என்றால், ராமநாதன்.

'அமரகவி'யிலும் இசை ராமநாதன்தான். ஆனால் அதற்குள் அவர் 1950-ல் 'மந்திரி குமாரி' முடித்துவிட்டார். 1954-ல் 'தூக்குத் தூக்கி'. அதில் சிவாஜிக்குப் பாடியவர் மதுரையிலிருந்து வந்த டி.எம். சௌந்தரராஜன். இந்த டி.எம்.எஸ். யார்? பாகவதர் பாட்டை அப்படியே பாடிப் பாடி வளர்ந்தவர். 1950-ல் 'கிருஷ்ண விஜயம்' படத்தில் அவர் பாடிய முதல் பாட்டைக் கேட்டால் பாகவதர் என்றே ஏமாந்துவிடுவோம். ராமநாதன் கையில் அதே குரல் இறங்கி, கனத்து, நடிகரின் உதட்டுக்கு ஏற்ற குரலாக மாறியது. 1957-ல் மறுபடி ஒரு 'அம்பிகாபதி' வந்தது. நடிப்பு சிவாஜி, குரல் டி.எம்.எஸ்., இசை ராமநாதன். அதே 1957-ல் பாகவதர் தானே இயக்கி நடித்த 'புது வாழ்வு' வந்து போனது. படத்தின் பெயரைப் பாருங்க.

ஸ்ரீரங்கத்தில் அப்போது வாலி என்கிற இளைஞர் ஒரு முருகன் பாட்டை எழுதித் தபாலில் டி.எம்.எஸ்.ஸுக்கு அனுப்பினார். டி.எம்.எஸ். மெட்டுப் போட்டுப் பாடினார், இன்றைக்கும் கோவில்களில் கேட்கிறோம். பத்து வருஷத்துக்கு முன்னால் ஸ்ரீரங்கத்து இளைஞன் ஒருத்தன் பாட்டு எழுதியிருந்தால் கடிதம் வேறு முகவரிக்குப் போயிருக்கும்.

பாகவதர் ஏன் மாறவில்லை? சிறு வயதில் மகரக்கட்டிலிருந்து அவரைக் காப்பாற்றியது எதுவோ, அதுவே அவரை நகரவிடாமல் பிடித்தும் வைத்தது என்று நான் நினைக்கிறேன். உச்ச ஸ்ருதி, ராகம், பிருகா, பாகவதர் என்கிற பட்டம். பத்து வயதிலிருந்து கைதட்டல் வாங்கித் தந்த விஷயத்தை முப்பத்தெட்டு வயதில் ஒருவர் எப்படிக் கீழே வைப்பார்? அவரை நேசித்தவர்களும் அதைத்தானே திரும்பத் திரும்பக் கேட்டார்கள்.

ஆனால் ஒன்று. "கடைசியில் பிச்சை எடுத்தார்" என்று ஒரு பேச்சு ஊரில் உலவுகிறதே, அதை நம்பாதீங்க. சினிமா கைவிட்ட பிறகு அவர் கச்சேரி மேடைக்கும் கோவில்களுக்கும் போனார். சர்க்கரை நோய் முற்றிக் கண்பார்வை மங்கியது. அப்போதும் பாடினார். 1959 அக்டோபரில்கூடப் பொள்ளாச்சியில் கச்சேரி செய்தார். அதை ஒட்டி உடம்பு மோசமாகிச் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் சேர்த்தார்கள். நவம்பர் 1 அன்று இறந்தார். நாற்பத்தொன்பது வயசு. ஸ்டார் என்கிற வேலை போன பிறகும் பாடகர் என்கிற வேலை பன்னிரண்டு வருஷம் நடந்திருக்கிறது. நாம் சொல்கிற வீழ்ச்சிக் கதையில் அந்தப் பன்னிரண்டு வருஷம் ஒரு வரியாகக்கூட வருவதில்லை. பாட்டியிடம் இதைச் சொன்னபோது, "அப்படியா? அப்பறமும் பாடினாரா?" என்று கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

உடலைத் திருச்சிக்குக் கொண்டுவந்தார்கள். பாலக்கரை பக்கம் சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம். போன மாசம் அங்கே போயிருந்தேன். சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவில் ஏறி "பாகவதர் சமாதி" என்றேன். டிரைவருக்கு என் வயசுதான் இருக்கும். "யாருங்க, தியாகராஜ பாகவதரா? எங்க தாத்தா சொல்லுவாரு" என்றார். அதற்குமேல் வழி கேட்டுக்கேட்டுத்தான் போனோம். அவருடைய கடைசிப் படம் 'சிவகாமி' 1960-ல்தான் வந்தது, அவர் போன பிறகு.

யூடியூபில் 'ஹரிதாஸ்' பாட்டு ஒன்றையும் 'அமரகவி' பாட்டு ஒன்றையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்க, ஹெட்ஃபோன் போட்டு. நடுவில் எட்டு வருஷம், ஒரு ஜெயில். குரல் எங்கே மாறியிருக்கிறது, மாறியிருக்கிறதா என்று எனக்கு எழுதி அனுப்புங்க. பாட்டிக்கும் படித்துக் காட்டுகிறேன்.